ஹைதராபாதின் அரபு மக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை நிமித்தமாக ஹைதராபாதில் பல ஆண்டுகள் வசித்தபோது, ஊரிலிருந்து வரும் உறவினர்களும் நண்பர்களும் சார்மினாரைப் பார்த்த கையோடு என்னிடம் கேட்ட கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. அந்தக் கேள்விகளையும், அங்கே பழகியும் படித்தும் நான் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். இந்த மக்களைப் பற்றி அரைகுறையாகப் பரவியிருக்கும் கருத்துகள் அவர்களுடைய அன்றாட வாழ்க்கையைப் பாதிப்பதை நேரில் பார்த்திருப்பதால், கூடிய வரையில் தெளிவாக எழுத முயன்றிருக்கிறேன்.

இந்தியாவில் வாழும் அரபு மக்கள் என்றால் யாரைக் குறிக்கிறது?

இந்தச் சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு கூட்டத்தார் அடங்குகிறார்கள். முதல் வகையினர், பல தலைமுறைகளுக்கு முன்பு படைவீரர்களாகவோ வணிகர்களாகவோ மார்க்க அறிஞர்களாகவோ வந்து இங்கேயே மணம் செய்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள். இவர்கள் இந்தியக் குடிமக்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள். இவர்களை வெளிநாட்டினர் என்று சொல்வது பிழை. இரண்டாம் வகையினர் கல்லூரிகளில் படிக்க வந்துள்ள யெமன், இராக், சூடான் முதலிய நாடுகளின் மாணவர்கள். மூன்றாம் வகையினர் சிகிச்சைக்காகச் சில வாரங்களோ சில மாதங்களோ தங்கிச் செல்லும் நோயாளிகளும் அவர்களுடைய துணையாளர்களும்.

மூன்று வகையினரையும் ஒரே நகரத்தில் பார்க்க முடியும் என்பதே ஹைதராபாதின் தனித்தன்மை. தெற்கே பார்க்காஸில் முதல் வகையினர் வாழ்கிறார்கள். மேற்கே டோலிச்சௌக்கியின் பாரமவுண்ட் காலனியில் யெமன், சூடான், சோமாலிய மாணவர்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. பெரிய மருத்துவமனைகளின் வரவேற்பறைகளில் அரபி மொழிபெயர்ப்பாளர்கள் அமர்ந்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் பெரும்பகுதி முதல் வகையினரைப் பற்றியது. ஏனெனில் மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுபவர்கள் அவர்கள்தான்.

அவர்கள் அரபு நாடுகளில் எந்தப் பகுதியிலிருந்து வந்தார்கள்?

பெரும்பாலோர் இன்றைய யெமன் நாட்டின் கிழக்குப் பகுதியான ஹத்ரமவ்திலிருந்து வந்தவர்கள். அது அரபிக்கடலை நோக்கிய ஒரு நீண்ட பள்ளத்தாக்குப் பகுதி. கடற்கரையில் முகல்லா, ஷிஹ்ர் ஆகிய துறைமுகங்களும், உள்நாட்டில் தரீம், செய்யூன், ஷிபாம் ஆகிய ஊர்களும் உள்ளன. களிமண்ணால் ஏழெட்டு மாடிகள் வரை எழுப்பப்பட்ட வீடுகள் நெருக்கமாக நிற்கும் ஷிபாம், 1982இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மழை குறைவு, விளைநிலம் குறைவு, குலங்களுக்கிடையே ஓயாத சண்டை ஆகிய காரணங்களால் அந்த மண்ணின் ஆண்கள் நூற்றாண்டுகளாகக் கடல் கடந்து போவதை வழக்கமாகக் கொண்டிருந்தனர். ஜாவாவுக்கும் சிங்கப்பூருக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் சென்றவர்களில் வணிகர்கள் மிகுதி. தக்காணத்துக்கு வந்தவர்களில் படைவீரர்கள் மிகுதி. ஹத்ரமவ்துக்கு மேற்கேயுள்ள யாஃபி மலைப்பகுதியிலிருந்து வந்தவர்களும் இவர்களுடன் இருந்தனர். அவர்களுடைய வழியினர் இன்றும் யாஃபி என்ற பெயரைச் சூடிக்கொள்கிறார்கள்.

படைவீரர்களாக ஹைதராபாதுக்கு ஏன் வந்தார்கள்?

முதலில் அவர்கள் நாடியது மராட்டிய அரசுகளைத்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் புனே, பரோடா, நாக்பூர் அரசுகளின் கோட்டைக் காவலில் அரபு வீரர்கள் பெயர் பெற்றிருந்தனர். சம்பளப் பாக்கி தீராமல் கோட்டையை ஒப்படைக்க மாட்டோம் என்று பரோடாவில் அவர்கள் பிடிவாதமாக நின்றபோது, 1802 டிசம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை முற்றுகையிட்டுத்தான் நகரத்தை மீட்டது. நாக்பூரில் 1817இல் போன்ஸ்லே அரசர் சரணடைந்த பிறகும், நகரத்துக்குள் இருந்த அரபு வீரர்கள் பணியாமல் போரிட்டு, உயிருக்கும் உடைமைக்கும் உறுதி பெற்ற பின்னரே வெளியேறினர். 1818இல் பேஷ்வாவின் ஆட்சி முடிவுக்கு வந்ததும் வேலையிழந்த வீரர்களுக்கு எஞ்சியிருந்த பெரிய புகலிடம் ஹைதராபாதை ஆண்ட நிஜாமின் அரசுதான்.

ஹைதராபாதில் அவர்கள் வெறும் காவலர்களாக நின்றுவிடவில்லை. அவர்களுடைய தலைவர்களான ஜமேதார்கள், கடனில் மூழ்கியிருந்த பிரபுக்களுக்கு வட்டிக்குப் பணம் கொடுத்தனர். ஈடாக நிலவரி வசூலிக்கும் உரிமையைப் பெற்றனர். கடனைத் திருப்பித் தராதவர்களைத் தங்கள் சொந்தக் காவலில் அடைத்து வைக்கும் அளவுக்கு வலிமை பெற்றிருந்தனர். இந்த நிலையை மாற்றியவர் 1853 முதல் 1883 வரை திவானாக இருந்த முதலாம் சாலார் ஜங். அவர் ஜமேதார்களைப் பகைத்துக்கொள்ளாமல், அவர்களில் செல்வாக்கு மிக்கவர்களைத் தம் பக்கம் சேர்த்துக்கொண்டு, மற்றவர்களை அவர்கள் மூலமாகவே கட்டுக்குள் கொண்டுவந்தார். அந்தப் பழைய அரபு ஜமேதார்களின் கொடுமையை மறைத்து எழுதுவது சரியாகாது. அதே சமயம், இரண்டு நூற்றாண்டுகளுக்கு முந்தைய வட்டிக்கடையைக் காட்டி இன்றைய பழ வியாபாரியைக் குறை சொல்வதும் சரியாகாது.

‘சாவுஷ்’ என்று ஏன் அழைக்கப்படுகிறார்கள்?

சாவுஷ் என்பது துருக்கியப் படைகளில் வழங்கிய ஒரு பதவிப் பெயர். தக்காணத்தில் அது அரபு வீரனைக் குறிக்கும் பொதுப் பெயராகி, பிறகு அவனுடைய சந்ததியினர் அனைவருக்கும் வழங்கலாயிற்று. அவுரங்காபாத், நாந்தேட், பர்பணி முதலிய மராட்வாடா மாவட்டங்களும் முன்பு நிஜாமின் ஆட்சிப்பகுதிகள் என்பதால், அங்கும் இப்பெயரோடு குடும்பங்கள் வாழ்கின்றன. பலருக்கு இது குடும்பப் பெயராகவே அடையாள ஆவணங்களில் பதிவாகியிருக்கிறது.

பார்க்காஸ் எங்கே இருக்கிறது? அந்தப் பெயர் எப்படி வந்தது?

பழைய ஹைதராபாதின் தெற்கே, சந்திராயன்குட்டாவைத் தாண்டி ஸ்ரீசைலம் செல்லும் சாலையை ஒட்டி அமைந்த பகுதி அது. நிஜாமின் படைவீரர்களுக்கான குடியிருப்பு வரிசைகள் இருந்த இடம் என்பதால் ஆங்கிலேயர் அதனை ‘பாரக்ஸ்’ என்று குறிப்பிட, அச்சொல் மக்கள் நாவில் பார்க்காஸ் ஆயிற்று. கொய்யாத் தோட்டங்களுக்கு அந்தப் பகுதி பெயர் போனது. நகரம் வளர்ந்து தோட்டங்கள் சுருங்கிவிட்ட பிறகும் பார்க்காஸ் கொய்யா என்று கூவி விற்பதைப் பழைய நகரத்துக் கடைத்தெருக்களில் கேட்கலாம். கால்பந்துக்கும் மல்யுத்தத்துக்கும் அங்குள்ள இளைஞர்கள் பெயர் பெற்றவர்கள்.

நான் முதன்முதலாக அங்கே போனது ஒரு வெள்ளிக்கிழமை மாலை. தெருவில் நடந்த ஆண்களில் பலர் கட்டம் போட்ட லுங்கியும் அரைக்கைச் சட்டையும் அணிந்து தோளில் ஒரு துண்டு போட்டிருந்தனர். ஒரு கணம் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கடைத்தெருவில் நிற்பதுபோல் இருந்தது. ஹைதராபாதின் மற்றப் பகுதிகளில் லுங்கி கட்டிக்கொண்டு கடைவீதிக்கு வருவதை மரியாதைக் குறைவாகக் கருதுவார்கள். பார்க்காஸில் அதுவே வெளியுடை. ஹத்ரமவ்தில் ஃபூத்தா எனப்படும் இடுப்புத் துணியின் தொடர்ச்சி அது.

ஹைதராபாதில் வேலை பார்த்தவர்கள் அரேபியாவில் ஓர் அரசையே நிறுவினார்கள் என்பது உண்மையா?

உண்மைதான். இந்தக் கதை தமிழில் அதிகம் எழுதப்படாததால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

உமர் பின் அவத் அல்-குஐத்தி என்பவர் நிஜாமின் படையில் ஜமேதாராகப் பணியாற்றிப் பெருஞ்செல்வம் சேர்த்தவர். ஊருக்குத் திரும்பி ஓய்வெடுக்க நினைக்காமல், அந்தப் பணத்தைக் கொண்டு தம் குலத்தாருக்கு ஹத்ரமவ்தில் ஓர் ஆட்சியை உருவாக்க முனைந்தார். ஹைதராபாதில் பெற்ற சம்பளமும் நிலவருவாயும் கப்பலேறி, அங்கே துப்பாக்கிகளாகவும் வீரர்களின் கூலியாகவும் மாறின. அவருக்குப் போட்டியாக நின்ற காலிப் பின் முஹ்சின் அல்-கதீரியும் ஹைதராபாதிலேயே ஜமேதாராக இருந்தவர் என்பதுதான் வியப்பு. ஒரே அரசரிடம் சம்பளம் வாங்கிய இருவர், ஆயிரத்தைந்நூறு மைலுக்கும் அப்பாலிருந்த தாய்மண்ணில் ஒருவரையொருவர் எதிர்த்துப் போரிட்டார்கள். நிஜாமின் அரசுக்கும், அவருடைய அவையில் பிரிட்டிஷாரின் பிரதிநிதியாக இருந்த ரெசிடென்டுக்கும் இது தீராத தலைவலியாக இருந்தது.

உமர் 1865இல் காலமான பிறகு அவருடைய புதல்வர்கள் பணியைத் தொடர்ந்தனர். 1867இல் ஷிஹ்ர் துறைமுகமும் 1881இல் முகல்லாவும் அவர்கள் வசமாயின. 1888இல் பிரிட்டிஷாருடன் பாதுகாப்பு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. குஐத்தி சுல்தான்கள் முகல்லாவில் ஆண்டுகொண்டே ஹைதராபாதில் மாளிகைகளும் பட்டங்களும் வைத்திருந்தனர். ‘நவாஸ் ஜங்’ என்று முடியும் ஹைதராபாத் பட்டங்கள் அரேபியச் சுல்தான்களின் பெயரோடு சேர்ந்து வருவது இதனால்தான். சிலர் தங்கள் சொந்த நாட்டைவிட ஹைதராபாதிலேயே நீண்ட காலம் தங்கினர். முகல்லாவின் கடற்கரை அரண்மனையில் இந்தியக் கட்டடக் கலையின் சாயல் தெரிகிறது. இந்திய ரூபாய் அங்கே நீண்டகாலம் புழங்கியது. அந்தச் சுல்தானகம் 1967இல் தெற்கு யெமன் விடுதலை இயக்கத்தாரிடம் வீழ்ந்தது.

ஆகவே, ‘அரபு நாட்டிலிருந்து இந்தியாவுக்கு வந்தார்கள்’ என்று ஒரே திசையில் மட்டும் இந்த வரலாற்றைச் சொல்வது போதாது. தக்காணத்து உழவர் கட்டிய வரியில் ஒரு பகுதி ஹத்ரமவ்தில் கோட்டைச் சுவராக நிற்கிறது.

1948க்குப் பிறகு அவர்கள் நிலை என்ன ஆயிற்று?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது பார்க்காஸ் பெரியவர்களின் குரல் தாழ்ந்துவிடும்.

1948 செப்டம்பர் 13ஆம் தேதி இந்தியப் படை ஹைதராபாத் அரசுக்குள் நுழைந்தது. 17ஆம் தேதி நிஜாம் பணிந்தார். அரபு வீரர்கள் சேர்ந்திருந்த ‘நஸ்மே ஜமியத்’ என்னும் ஒழுங்கற்ற படைப்பிரிவு கலைக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாகப் படைச் சம்பளத்தையே நம்பியிருந்த குடும்பங்கள் ஒரே மாதத்தில் வருமானம் இழந்தன. அத்தோடு, அரபு நாட்டவர் என்று கருதப்பட்டவர்கள் பிடிக்கப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். வெளிநாட்டினர் என்ற முறையில் அவர்களை ஏடன் வழியாகத் திருப்பி அனுப்புவது அரசின் முடிவாக இருந்தது.

ஆனால் யார் வெளிநாட்டவர்? அரேபியாவில் பிறந்து வந்தவர்களை அந்தச் சமூகத்தில் ‘விலாயத்தி’ என்றும், அரபுத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் இங்கே பிறந்தவர்களை ‘முவல்லத்’ என்றும் அழைப்பார்கள். தந்தை விலாயத்தி, மனைவி தக்காணப் பெண், பிள்ளைகள் முவல்லத் என்றிருக்கும் வீட்டில் யாரைக் கப்பலேற்றுவது, யாரை விட்டுவைப்பது? பிறந்தது முதல் ஹைதராபாதைத் தவிர வேறெதையும் பார்த்திராதவர்களும் அரபுப் பெயர் வைத்திருந்த காரணத்தால் விசாரிக்கப்பட்டனர். ஏடனை ஆண்ட பிரிட்டிஷாரும் இவர்களை ஏற்கத் தயங்கினர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் ஜாவாவைக் கைப்பற்றியதால் அங்கிருந்து வந்துகொண்டிருந்த பணம் நின்றுபோய் 1943-44இல் பஞ்சத்தில் மடிந்த ஹத்ரமவ்த், 1948-49இலும் மீண்டும் பஞ்சத்தில் இருந்தது. பசித்த ஊருக்கு மேலும் பசித்தவர்களை அனுப்புவதா என்பது அவர்களுடைய கவலை. இறுதியில் ஒரு பகுதியினர் திருப்பி அனுப்பப்பட்டனர். இங்கே பிறந்தவர்களும் இங்கே வேரூன்றியவர்களும் தங்கிவிட்டனர். 1949இல் ஜாகீர்கள் எனப்பட்ட அரசு மானிய நிலங்களும் ஒழிக்கப்பட்டதால் வசதி படைத்த சில குடும்பங்களும் நிலத்தை இழந்தன. கப்பலில் போன தந்தையிடமிருந்து ஒன்றிரண்டு கடிதங்கள் வந்து, பிறகு அதுவும் நின்றுபோனதைச் சொல்லும் குடும்பங்களை நான் அறிவேன்.

குடியுரிமை பற்றிய பேச்சு நாட்டில் எழும்போதெல்லாம் பார்க்காஸில் பழைய காகிதப் பெட்டிகள் திறக்கப்படுவதற்குக் காரணம் இந்த நினைவுதான்.

எத்தனை பேர் இருக்கிறார்கள்? வீட்டில் அரபி பேசுகிறார்களா?

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வம்சாவளியைப் பதிவு செய்வதில்லை. தாய்மொழியைப் பதிவு செய்கிறது. 2011 கணக்கெடுப்பில் அரபியைத் தாய்மொழியாகக் குறிப்பிட்டோர் நாடு முழுவதும் சுமார் 55 ஆயிரம் பேர். இந்த எண்ணைக் கொண்டு சாவுஷ் மக்களின் அளவைக் கணிக்கக் கூடாது. ஏனெனில் அவர்களில் மிகப் பெரும்பாலோரின் வீட்டுமொழி தக்கினி உருது. முதலில் வந்த வீரர்கள் பெண்களை அழைத்து வரவில்லை; பிள்ளைகள் தாயின் மொழியையே பேசி வளர்ந்தார்கள். உறவுமுறை, உணவு, வசை, வாழ்த்து ஆகியவற்றில் ஹத்ரமவ்த் வழக்கின் சொற்கள் தங்கியிருக்கின்றன. வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் பேசும் அரபி அங்கே கற்றது.

பெயரை வைத்து அவர்களை அடையாளம் காண முடியுமா?

பல நேரங்களில் முடியும். ‘பா’ என்று தொடங்கும் குடும்பப் பெயர் ஹத்ரமவ்துக்கே உரியது: பாவஸீர், பாஹம்தான், பாஃபனா போன்றவை. ‘பின்’ என்பது மகன் என்று பொருள்படும். தந்தை, பாட்டன் பெயர்களை அடுக்கிச் சொல்ல இது உதவும். அமூதி, கதீரி, யாஃபி, குஐத்தி ஆகியவை குலத்தையோ ஊரையோ சுட்டுவன. நபிகளாரின் வழிவந்தோர் எனப்படும் ஹத்ரமவ்த் சையத் குடும்பங்களில் அல்-அத்தாஸ், அல்-சக்காஃப், ஐதரூஸ் முதலிய பெயர்கள் வழங்குகின்றன.

ஹைதராபாத் ஹலீம் இவர்கள் கொண்டுவந்ததா?

ஹலீமின் மூதாதை அரேபியரின் ஹரீஸ் என்பதில் ஐயமில்லை. கோதுமையையும் இறைச்சியையும் மணிக்கணக்காக வேகவைத்துக் கட்டையால் கடைந்து களிபோல் ஆக்கும் உணவு அது. ஹைதராபாதில் வாழ்ந்த குஐத்தி குடும்பத்தவரும் ஏழாம் நிஜாமின் அவைப் பிரபுவுமான சுல்தான் சைஃப் நவாஸ் ஜங் தம் விருந்துகளில் பரிமாறி அதனைப் பரப்பினார் என்று நகரத்தில் சொல்கிறார்கள். பிறகு பருப்பு வகைகளும் மசாலாவும் பொரித்த வெங்காயமும் சேர்ந்து, நகரத்தின் சொந்தப் பண்டமாகி, 2010இல் ஹைதராபாத் ஹலீம் புவிசார் குறியீடும் பெற்றது.

ஆனால் பார்க்காஸுக்குச் செல்பவர் ஹலீமைக் கேட்பதைவிட ஹரீஸைக் கேட்பது நல்லது. மற்ற இடங்களில் ரமலான் மாதத்தில் மட்டும் கிடைப்பது, அங்கே ஆண்டு முழுவதும் காலை உணவு. விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் கடைகளில் பெரிய அண்டாவைத் திறக்கிறார்கள். கடைக்காரர் முதலில் கேட்கும் கேள்வி, உப்பா இனிப்பா என்பது. உப்பு ஹரீஸில் மேலே உருக்கிய நெய் நிற்கும். இனிப்பு ஹரீஸில் நெய்யோடு சர்க்கரையைத் தூவிக் கொடுப்பார்கள். ஆட்டிறைச்சியும் கோதுமையும் சேர்ந்த களியில் சர்க்கரையா என்று எனக்குத் தயக்கமாக இருந்தது. முதல் கரண்டியில் சர்க்கரை இன்னும் கரையாமல் நறநறவென்று கடிபட்டது. அடுத்த கரண்டியில் கரைந்து நெய்யோடு கலந்துவிட்டது. இறைச்சி தனியாகத் தெரியவே இல்லை. அன்றிலிருந்து நான் இனிப்பைத்தான் கேட்பேன். பக்கத்தில் அமர்ந்திருந்த முதியவர் ஒரு கிண்ணத்தை முடித்துவிட்டு, இஞ்சி போட்ட கஹ்வாவை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

மந்தி என்னும் சோற்றுணவு இன்று சென்னை வரை பரவியிருக்கிறது. அதற்குப் பிறப்பிடம் ஹத்ரமவ்த். மசாலாவைக் குறைத்து, இறைச்சியைச் சோற்றுக்கு மேலே தொங்கவிட்டு மண் அடுப்புக் குழியில் வேகவைப்பது மூல முறை. நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் அதன் எளிய வடிவம்.

மர்ஃபா என்பது என்ன?

ஹைதராபாதின் திருமணங்களில் முழங்கும் மேள வகை. அரபு வீரர்களும், நிஜாமின் படையில் இருந்த ஆப்பிரிக்க வழியினரான சித்திகளும் சேர்ந்து உருவாக்கியது. சித்திகள் பணியாற்றிய ஆப்பிரிக்கக் குதிரைப்படையின் பெயராலேயே நகரத்தில் ஏ.சி. கார்ட்ஸ் என்னும் பகுதி இன்றும் வழங்குகிறது. முன்பு வாளும் குத்துவாளும் ஏந்தி ஆடினார்கள். இன்று எல்லா மதத்தாரின் ஊர்வலங்களிலும் மர்ஃபா வாசிக்கப்படுகிறது.

இவர்களுக்கு இடஒதுக்கீடு உண்டா?

ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசம் 2007இல் பின்தங்கிய முஸ்லிம் பிரிவுகளுக்கு 4 விழுக்காடு ஒதுக்கீடு வழங்கிச் சட்டம் இயற்றியபோது, பயன்பெறாத பிரிவுகளின் பட்டியலில் சையத், முகல், பட்டாணியர், இரானி ஆகியோருடன் ‘அரபு’ என்ற பெயரையும் சேர்த்தது. அரபு வம்சம் என்றால் உயர்குடி என்னும் பழைய எண்ணமே அதற்கு அடிப்படை. பார்க்காஸின் சந்துகளில் காவலாளியாகவும் ஆட்டோ ஓட்டுநராகவும் பிழைப்பவர்களைப் பார்த்தவன் என்ற முறையில், அந்த எண்ணம் காலத்துக்குப் பொருந்தவில்லை என்றே கருதுகிறேன்.

கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் உள்ள அரபுத் தொடர்பு இதே வகையா?

இல்லை. மேற்குக் கரைக்கு வந்தவர்கள் வணிகர்களும் சமய அறிஞர்களும். கோழிக்கோட்டின் குற்றிச்சிறையில் உள்ள மிஷ்கால் பள்ளிவாசலைப் பதினான்காம் நூற்றாண்டில் கட்டியவர் கப்பல் வணிகர் ஒருவர். 1510இல் போர்த்துகீசியர் அதற்குத் தீ வைத்தனர். மலபாரின் தங்ஙள் குடும்பங்கள் பல ஹத்ரமவ்த் சையத்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் தரீமிலிருந்து வந்த மம்புறம் சையத் அலவி தங்ஙளின் மகன் சையத் ஃபழ்ல், 1852இல் பிரிட்டிஷாரால் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டு, பிற்பாடு இன்றைய ஓமானின் தோஃபார் பகுதியைச் சில ஆண்டுகள் ஆண்டார். ஹைதராபாத் ஜமேதார் முகல்லாவை வென்றதும், மலபார் தங்ஙள் தோஃபாரை ஆண்டதும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நடந்தவை.

தமிழ்க் கடற்கரையில் குதிரை வணிகமே பழைய பிணைப்பு. பாண்டியர் காலத்தில் காயல் துறைமுகத்துக்கு வந்திறங்கிய குதிரைகளைப் பற்றிப் பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் எழுதியிருக்கிறார். பாண்டிய அரசவையில் தகீயுத்தீன் அப்துர் ரஹ்மான் என்பவர் அமைச்சராக இருந்ததும் அவர் வழியாகவே தெரிகிறது. காயல்பட்டினம், கீழக்கரை மக்கள் அந்தக் காலத்திலிருந்தே தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு, அரபுத்தமிழ் என்னும் எழுத்துமுறையை உருவாக்கினார்கள். அவர்களைச் சாவுஷ் மக்களோடு சேர்த்து எண்ணுவது பொருந்தாது.

அரபி பேசிய யூதர்களும் இந்தியாவில் வாழ்ந்தார்கள் அல்லவா?

வாழ்ந்தார்கள். பாக்தாதிலிருந்தும் அலெப்போவிலிருந்தும் வந்து பம்பாயிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய யூத வணிகர்களின் வீட்டுமொழி அரபிதான். அதனை எபிரேய எழுத்தில் எழுதினார்கள். 1830களில் பாக்தாதிலிருந்து பம்பாய்க்கு வந்த டேவிட் சசூனின் குடும்பப் பெயரை இன்றும் சசூன் துறையில் காணலாம். 1947க்குப் பிறகு பெரும்பாலோர் இங்கிலாந்துக்கும் இஸ்ரேலுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சென்றுவிட்டனர்.

இப்போது படிக்க வரும் அரபு மாணவர்களின் நிலை எப்படி இருக்கிறது?

ஹைதராபாத், புனே, அலிகர், பெங்களூரு ஆகிய நகரங்கள் நீண்ட காலமாக யெமன், இராக் மாணவர்களுக்குப் பழக்கமானவை. கட்டணம் ஐரோப்பாவைவிடக் குறைவு. இந்திய அரசின் உதவித்தொகைகளும் உண்டு. ஹைதராபாதில் உணவும் பள்ளிவாசலும் பழகியவை.

2014 செப்டம்பரில் யெமனின் தலைநகரான சனாவை ஹூத்திகள் என்னும் கிளர்ச்சிப் படையினர் கைப்பற்றி, 2015 மார்ச்சில் சவூதி தலைமையிலான தாக்குதல் தொடங்கியபோது, இங்கே படித்துக்கொண்டிருந்த யெமன் மாணவர்களின் வாழ்க்கை தடுமாறியது. ஊரிலிருந்து வரும் பணம் தாமதமாயிற்று. காலாவதியாகும் கடவுச்சீட்டைப் புதுப்பிப்பது கடினமாயிற்று. படிப்பு முடிந்தும் திரும்பிப் போக விமானம் இல்லை. அந்தப் போரின் தொடக்கத்தில் இந்தியா ‘ஆபரேஷன் ராஹத்’ வழியாக 4,600க்கும் மேற்பட்ட இந்தியரையும் 41 நாடுகளைச் சேர்ந்த சுமார் 960 பேரையும் யெமனிலிருந்து மீட்டது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை என்பதால், இங்கே சிக்கிக்கொண்டவர்களுக்குச் சட்டப்படியான அகதித் தகுதி கிடைப்பதில்லை. 2023 ஏப்ரலில் சூடானில் போர் மூண்டபோது அந்நாட்டு மாணவர்களும் இதே இக்கட்டில் சிக்கினர்.

சிகிச்சைக்கு வருபவர்களுக்கு என்ன நடைமுறை?

மருத்துவ விசா பெற்று வர வேண்டும். உடன் வரும் இருவர் வரை துணையாளர் விசா பெறலாம். ஓமான், இராக், யெமன் ஆகிய நாடுகளிலிருந்து இதய, புற்றுநோய், எலும்பு, மாற்று உறுப்பு சிகிச்சைகளுக்காக ஹைதராபாத், சென்னை, பெங்களூரு, டெல்லி, மும்பை நகரங்களுக்கு வருகிறார்கள். மொழிபெயர்ப்பாளரைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. மருத்துவமனை நியமித்தவரிடம் மட்டும் பேசுவது நல்லது. வெளியே நிற்கும் தரகர், அறை வாடகைக்கும் மருந்துக்கும் தம் பங்கைச் சேர்த்துச் சொல்வதுண்டு. புற்றுநோய் என்ற சொல்லை நோயாளியிடம் சொல்லாதீர்கள் என்று மகன் மொழிபெயர்ப்பாளரைக் கெஞ்சிக் கேட்பதை ஒரு முறை மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பார்த்தேன். அந்தக் கெஞ்சலைப் புரிந்துகொள்ள எனக்கு அரபி தேவைப்படவில்லை.

‘அரபு ஷேக் திருமணம்’ என்று செய்தித்தாளில் வருவது இவர்களைப் பற்றியதா?

இல்லை. 1991இல் வளைகுடாவைச் சேர்ந்த முதியவர் ஒருவர் திருமணம் என்ற பெயரில் அழைத்துச் சென்ற ஹைதராபாத் சிறுமியை, விமானத்தில் அவள் அழுவதைக் கண்ட பணிப்பெண் காப்பாற்றினார். அதன் பிறகுதான் இந்தக் கொடுமை நாடெங்கும் தெரிந்தது. ஆனாலும் நிற்கவில்லை, 2017 செப்டம்பரில் ஓமான், கத்தார் நாட்டவர் சிலரையும் அவர்களுக்கு உடந்தையாக இருந்த தரகர்களையும் காஜிகளையும் ஹைதராபாத் காவல்துறை கைது செய்தது. பழைய நகரத்தின் வறுமையும், தரகர்களின் பேராசையும், பணத்தால் எதையும் வாங்கலாம் என்று வரும் வெளிநாட்டு முதியவர்களும் சேர்ந்து நடத்தும் குற்றம் இது. இதில் பலியாகும் சிறுமிகளில் பார்க்காஸ் பகுதிப் பெண்களும் இருந்திருக்கிறார்கள். ‘அரபு’ என்ற ஒரே சொல் குற்றவாளிக்கும் பாதிக்கப்பட்டவரின் குடும்பத்துக்கும் வழங்குவதால், செய்தி வாசிப்பவர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்.

யெமன் மாணவர் ஒருவர் எங்கள் வீட்டை வாடகைக்குக் கேட்கிறார். கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுக்கலாம்; சட்டம் தடுக்கவில்லை. அவருடைய கடவுச்சீட்டு, மாணவர் விசா, கல்லூரிச் சேர்க்கைக் கடிதம் ஆகியவற்றின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவர் குடிவந்த 24 மணி நேரத்துக்குள், முன்பு ‘சி’ படிவம் எனப்பட்ட தங்குமிட விவரப் படிவத்தை வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் பூர்த்தி செய்வது வீட்டு உரிமையாளரின் கடமை. 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வந்தவர், இந்தியா வந்த 14 நாளுக்குள் தாமும் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதற்கு உங்கள் முகவரிச் சான்றும் வாடகை ஒப்பந்தமும் அவருக்குத் தேவைப்படும் என்பதால், ஒப்பந்தத்தை முதல் நாளே கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுங்கள். பார்க்காஸ்காரர் ஒருவர் வீடு கேட்டு வந்தால் இந்தப் படிவம் எதுவும் வேண்டாம். வேறெந்த இந்தியரிடமும் கேட்கும் ஆவணங்களை மட்டும் கேட்டால் போதும்.